நுனி சேராத மாலை

அத்தியாயம் 14

போன வாரம் மேலியா போட்ட ஒரு கையெழுத்தை வைத்து வைமெயா ஊர் ஏழு நாள் பிழைப்பு நடத்திவிட்டது.

பெரிய சாசனம் ஒன்றும் இல்லை. ஜூலை நான்காம் தேதி நடக்கிற மாட்டுக்காரர் விழாவான ரோடியோவில், எருதைச் சுருக்குப் போட்டுப் பிடித்துக் கவட்டுக் கம்பத்தில் கட்டுகிற போட்டி ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் ஒன்பது ஆண்களின் பெயர்களுக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டு வந்தாள். பெண்கள் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இதுவரை எந்தப் பெண்ணும் கேட்கவில்லை என்பதையே சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பளைங்களுக்குத்தான் குதிரையில பீப்பாய் சுத்தற பந்தயம் இருக்கே?" என்றார்கள்.

"பீப்பாயைச் சுத்தி ஓடினா எந்த மாடு வீட்டுக்கு வரும்?" என்று கேட்டாள் மேலியா. அதற்குப் பதில் வரவில்லை. பேச்சு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அவர்கள் பேசியதற்குக் காரணம் வேறு. வாயிகூலா பண்ணையின் மலைமேல் மேய்ச்சலுக்குப் புது லூனா வேண்டும். லூனா என்றால் மேஸ்திரி. மேலே இருக்கிற ஆள், குதிரை, மாடு எல்லாம் அவர் சொல்படி. பண்ணைக்காரி மிஸஸ் ஆல்டன், "ரோடியோவுல ரெண்டு பேரையும் பார்க்கறேன். சாயங்காலமே சொல்லிடறேன்" என்று அறிவித்திருந்தாள்.

ரெண்டு பேர் என்பது மேலியாவும் அவள் அண்ணன் லொபாகாவும்.

பதினோரு வருஷமாக தீவின் நடுவே நிற்கிற மௌனா கேயா மலையின் பனிமூட்டத்தில் காட்டு மாடு தேடி, கயிறு வீசி, மரத்தில் கட்டிக் கீழே கொண்டுவருகிறவள் மேலியா. பதினோரு வருஷமாக ஊர்க் கடைவாசலில் நின்று அந்த மாடுகளைப் பற்றிப் பேசுகிறவன் லொபாகா. இதில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு பெண்மணிக்குச் சந்தேகம் வந்திருக்கிறதே, அந்தச் சந்தேகத்தை நினைத்தால்தான் மேலியாவுக்கு வாயில் கசந்தது.

காலை எட்டு மணிக்கு மைதானத்தின் பின்பக்கம், குதிரைகளை ஏற்றிவந்த வண்டிகள் நிற்கிற சேற்றில், அவள் பிலிகியாவுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தாள். பிலிகியா அவளுடைய பெட்டைக் குதிரை. பெயருக்குத் தொல்லை என்று பொருள். ஆனால் மேலியாவின் வாழ்க்கையில் தொல்லை கொடுக்காத ஒரே ஜீவன் அதுதான்.

வைமெயா மழை படுக்கைவசமாக அடித்தது. நுழைவாயிலில் '1983 ரோடியோ' என்று எழுதிய துணி நனைந்து தொங்கியது. கடற்கரை ஓட்டல்களிலிருந்து வந்தவர்கள் நேற்று வாங்கிய தொப்பியோடு நடந்தார்கள். விலைச்சீட்டைக் கிழிக்க மறந்த ஒருவர் மேலியாவிடம் வந்து, "இங்க நிஜமான பானியோலோக்களை எங்க பார்க்கலாம்?" என்று விசாரித்தார்.

மாட்டுக்காரர்களைத்தான் கேட்கிறார். அவள் கையில் கயிறும் காலில் குதிமுள்ளும் முழங்கால் வரை சாணியும் இருந்தன.

"அந்தப் பக்கம். பெல்ட்டுல தட்டு மாட்டிக்கிட்டு ஒருத்தன் நிப்பான். அவன் எல்லாம் சொல்லுவான்" என்று காட்டினாள்.

அவன்தான் லொபாகா. இடுப்பில் காபித்தட்டு அகலத்துக்கு வெள்ளி பக்கிள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெயித்தது. குளிக்கும்போது கழற்றுகிறானா என்பது ஊரில் விடை தெரியாத கேள்வி. குதிரைமேல் அவன் உட்கார்ந்தால் படம் எடுக்கத் தோன்றும். வேலை கொடுக்கத் தோன்றாது.

காலையில் அவனைப் படுக்கையிலிருந்து எழுப்புவதே தனி ரோடியோ. அவன் மனைவி நோஹியா முதலில் காபியோடு போவாள், பிறகு ஈரத்துணியோடு போவாள், மூன்றாவது முறை கெஞ்சிக்கொண்டு போவாள். பதினெட்டு வருஷமாக இது நடக்கிறது. நோஹியாவை மேலியா ஒரு மனுஷியாக மதித்ததே இல்லை. அலாரம் கடிகாரத்தை யார் மதிப்பார்கள்?

அந்த நோஹியா இப்போது ஃபிளாஸ்க்கும் கையுமாக வந்தாள்.

"மேலியா, கொஞ்சம் காபி குடி. குளிருது."

"நீ குடிக்கலியா?"

"எனக்கு வேண்டாம்." ஊற்றும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டாள் நோஹியா. மூக்கைச் சுளித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாற்றமடிக்கிற எதையோ ஊற்றுவதுபோல ஊற்றினாள்.

கோனா மலைச்சரிவில் காபித் தோட்டத்தில் பிறந்தவளுக்குக் காபி வாசம் ஆகவில்லையாம்! இருக்கிற நாசூக்கு போதாதென்று இது வேறு என்று மேலியா நினைத்துக்கொண்டாள்.

"அவர் மேல கோபப்படாத. அவருக்கு உன்மேல பாசம்தான்."

"அந்தப் பாசத்தை அவன் பக்கிளுக்கு வெச்சுக்கச் சொல்லு. அது இன்னும் பளபளக்கும்."

 நோஹியா எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. வண்டியின் பின்னால் இருந்த பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஈரச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த மாலைகளை ஒருமுறை தொட்டுப் பார்த்து, அடியில் இருந்த ஒன்றின்மேல் தாளை நன்றாக இழுத்து மூடினாள். நேற்று மலைக்குப் போய் லெஹுவா பூ பறித்து, பெரணி இலை வைத்து அவளே கட்டியவை. லெஹுவாவைப் பறித்தால் மழை வரும் என்பார்கள். வைமெயாவில் பறிக்காவிட்டாலும் வரும்.

பதினொரு மணிக்குப் போட்டி தொடங்கியது.

இது சாதாரணச் சுருக்கு வீச்சு இல்லை. எருதைக் கொம்பில் பிடிக்க வேண்டும். இழுத்துக்கொண்டுபோய், நட்டு வைத்த கவட்டுக் கம்பத்தின் கவட்டைக்குள் கயிற்றைப் போட வேண்டும். எருதின் தலை கம்பத்தில் முட்டும் வரை குதிரையை இழுக்க வைக்க வேண்டும். இறங்கி ஓடி, இடுப்பில் இருக்கிற குட்டைக் கயிற்றால் கொம்பைக் கம்பத்தோடு கட்டி, முதல் கயிற்றை உருவினால் கடிகாரம் நிற்கும். மலைமேல் ஒற்றையாளாக மாடு பிடிக்கிறவர் தினமும் செய்கிற வேலை. அங்கே கைதட்ட ஆளில்லை என்பதுதான் வித்தியாசம்.

குலுக்கல் வரிசைப்படி லொபாகா ஆறாவதாக இறங்கினான், அடுத்தது மேலியா. குறை சொல்லக்கூடாது. வேலையைத்தான் மறந்திருந்தான், வித்தையை மறக்கவில்லை. ஐம்பத்து நான்கு விநாடி. அதுவரை வந்ததில் அதுதான் சிறந்தது.

அதோடு இறங்கிப் போயிருந்தால் இந்த அத்தியாயமே வேண்டியிருக்காது. ஜெயிக்கிற நிலையில் இருக்கும்போது லொபாகாவுக்குப் பெருந்தன்மை பொங்கும். நேராகப் பனிக்கட்டிப் பெட்டிக்குப் போனான். மூன்று மாலைகளில் பெரியதாக, அடியில் இருந்ததைப் பொறுக்கினான். எதிலும் பெரியதையே எடுக்கிறவன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"எல்லாரும் பாருங்க! என் தங்கச்சி இன்னிக்கு ஆம்பளைங்களோட மோதப் போறா. ஜெயிச்சாலும் தோத்தாலும் அவ என் தங்கச்சி. அண்ணன் கையால ஒரு மாலை!"

பத்திரிகைப் புகைப்படக்காரர் குனிந்து குறிபார்த்தார். லொபாகா கேமராவைப் பார்த்துக்கொண்டே, குதிரைமேல் இருந்த மேலியாவின் கழுத்தில் மாலையைப் போட்டான். கன்னத்தில் முத்தமும் கொடுத்தான். தலையெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது.

கைதட்டல் தொடங்கி, பாதியில் நின்றது.

முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேலியா குனிந்து பார்த்தாள். மாலையின் இரண்டு நுனிகளும் சேரவில்லை. முடிச்சில்லாமல், இரண்டு பக்கமும் தனித்தனியாக இடுப்பு வரை தொங்கின.

பூமாலையை யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள், ஒருத்தியைத் தவிர. வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் கழுத்தில் மூடிய மாலை விழக்கூடாது, உள்ளே பிள்ளைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்று இந்தத் தீவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்கு மட்டும் நுனியைத் திறந்து வைத்துக் கட்டுவார்கள்.

லாஸ் வேகாஸுக்குச் சீட்டாடப் போன மேலியாவின் புருஷன் நாலு வருஷமாகத் திரும்பி வரவில்லை. இதுவும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ஆன்ட்டி மேலியாவா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"அண்ணனே போடறான்னா நிஜமாத்தான் இருக்கும்."

"யாராம்?"

மேலியாவின் கை கழுத்துக்குப் போனது. போனது அங்கேயே நின்றது. போட்டவர் கண்முன்னால் மாலையைக் கழற்றுவது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். இரண்டாயிரம் பேர் பார்க்க, மிஸஸ் ஆல்டன் பார்க்க, அதைச் செய்ய முடியாது. லொபாகாவோ நகர்கிற மாதிரி இல்லை. கைதட்டல் ஏன் நின்றது என்று புரியாமல், இன்னும் இளித்துக்கொண்டே நின்றான்.

முட்டாள், வேண்டுமென்று செய்திருந்தால்கூடக் கொஞ்சம் மதிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இது யோசித்துச் செய்த துரோகம்கூட இல்லை.

அப்போதுதான் கூட்டத்தில் நோஹியாவைப் பார்த்தாள்.

நோஹியா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வெளுத்துப்போயிருந்தாள். அவள் கை மேலியாவின் கழுத்தை நோக்கி நீண்டு, பாதியில் நின்று, தன் வயிற்றுக்கே திரும்பியது.

காபி, முகச்சுளிப்பு, அடியில் இழுத்து மூடிய செய்தித்தாள். மேலியாவுக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது.

இதற்கு முன்னால் இரண்டு முறை நோஹியாவுக்குக் கரு தங்கியது. இரண்டு முறையும் இரண்டாவது மாதமே லொபாகா இதே மைக்கில், இதே மைதானத்தில், "என் மகன் வரப்போறான்" என்று ஊரைக் கூட்டினான். இரண்டும் நிற்கவில்லை. அதன்பிறகு கடைவாசலில் நின்று, "என்ன பண்றது, அவளுக்கு உடம்புல பலமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது மேலியாவும் அங்கேதான் நின்றாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால்தான் இந்த முறை நோஹியா யாருக்கும் சொல்லாமல், தனக்குத் தானே ஒரு மாலை கட்டி வைத்திருக்கிறாள்.

நடுவர் ரப்போசோ சேற்றில் சளக் சளக்கென்று வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். கெட்ட செய்திக்கு மட்டும் தொப்பியைக் கழற்றுகிறவர்.

"மேலியா, மாலை திறந்திருக்கு."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"வயித்துல பிள்ளையோட கயிறு வீச விட முடியாதும்மா. விதி."

"எந்த விதி? எந்தப் பக்கம்? காட்டு."

ரப்போசோ தாடையைச் சொறிந்தார். "எழுதி வெக்கல. ஆனா எல்லாருக்கும் தெரியும்ல? 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே விட்டுடறேன்."

ஒரு வார்த்தைதான். நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஆனால் அவள் இல்லை என்றால், அப்புறம் யாருடைய மாலை? எந்தப் பெட்டியிலிருந்து வந்தது? இரண்டையும் இரண்டையும் கூட்ட லொபாகாவுக்குக்கூட ஒரு நிமிஷம்தான் ஆகும். அடுத்த நிமிஷம் மைக் அவன் வாயில் இருக்கும்.

"என் வயித்தப் பத்தி எருது கேக்கல. உனக்கென்ன?"

"அப்போ ஆமாவா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

லொபாகாவுக்கு இப்போதுதான் விஷயம் எட்டியது. மாலையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். தன் வீட்டுப் பெட்டியிலிருந்து தானே எடுத்தது என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. தனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஐயோ தங்கச்சி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இறங்கு, இறங்கு. இந்த நிலைமையில நீ எருது கிட்டப் போறதா? ஊர் என்னை என்ன சொல்லும்?"

"உன்னையா? ஊர் உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாது லொபாகா. சொல்றதுக்கு என்ன இருக்கு?"

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

ரப்போசோ மேடைக்குப் போனார். மிஸஸ் ஆல்டன் குடைக்கடியில் ஒரு வெள்ளைக் கழுகைப்போல உட்கார்ந்திருந்தாள். ஐந்து தலைமுறையாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். நிலத்தைப் பார்க்கிற கண்ணாலேயே ஆளையும் பார்ப்பாள். இறங்கி வேலியோரம் வந்தாள்.

"எழுதாத விதியை வெச்சு உன்னை நிறுத்த மாட்டேன், மேலியா. ஓட்டு. ஆனா லூனா வேலை வேற. மேல டாக்டர் கிடையாது, ரோடு கிடையாது. பிள்ளைத்தாச்சியை அனுப்பிட்டு என்னால தூங்க முடியாது. நேராக் கேக்கறேன். உண்டா, இல்லையா?"

பதினோரு வருஷம். பனியில் விரல் மரத்துப்போன காலைகள், கயிறு அறுத்த உள்ளங்கை, உடைந்து சேர்ந்த இடது தோள். எல்லாவற்றுக்கும் விலை ஒரு 'இல்லை'.

அலாரம் கடிகாரத்துக்காகவா இதை விடுவது? மேலியாவுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. பதினெட்டு வருஷமாக வாயைத் திறக்காதவள் இன்றைக்காவது திறக்கக்கூடாதா? கூட்டத்தில் நோஹியா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல, மிஸஸ் ஆல்டன்."

"உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவள் மேடைக்குத் திரும்பினாள்.

மேலியா கயிற்றைச் சுருட்டினாள். மாலையின் இரண்டு நுனிகளும் காற்றில் அடித்துக் கையில் சிக்கின. இதோடு கயிறு வீசினால் விரல் போய்விடும். கழற்ற முடியாது, முடிச்சும் போடக்கூடாது. அவளுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், நோஹியாவின் மாலையில் முடிச்சுப் போட அவள் கை வரவில்லை.

இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். வாயில் பெரணி கசந்தது. இனி யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

தலையை ஆட்டினாள். கதவு திறந்தது.

சிவப்பு எருது கோணலாகப் பாய்ந்தது. பிலிகியாவுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. கயிறு இரண்டே சுற்றுச் சுற்றிக் கொம்பில் விழுந்தது. சேணத்தின் முன்குமிழில் கயிற்றை இரண்டு வளையம் போட்டு இழுத்தாள். எருது காலை ஊன்றியது. இதைவிட முரட்டு மாடுகளை மழைச்சரிவில் இழுத்தவள் அவள். கம்பத்தைச் சுற்றிக் குதிரையைத் திருப்பி, கவட்டைக்குள் கயிற்றைத் தூக்கிப் போட்டாள். பிலிகியா பின்வாங்கி இழுக்க, எருதின் தலை அங்குலம் அங்குலமாகக் கம்பத்துக்கு வந்து முட்டியது.

குதித்தாள். இடது தோள் வலித்தது. குட்டைக் கயிறு கொம்பைச் சுற்றி, கம்பத்தைச் சுற்றி, ஒரு முடிச்சு விழுந்தது. முதல் கயிற்றை உருவிக் கையைத் தூக்கினாள்.

நாற்பத்தொன்பது விநாடி.

 வேலியோரத்துப் பெண்கள்தான் முதலில் கத்தினார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் 'யாராம்' என்று கேட்ட அதே வாய்கள். மேலியா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. பல்லிலிருந்து மாலையை எடுத்துவிட்டு, வாயில் ஒட்டியிருந்த பெரணித் துணுக்கைத் துப்பினாள்.

மீதி மூன்று பேரும் முடித்தார்கள். அவளை யாரும் நெருங்கவில்லை.

மிஸஸ் ஆல்டன் மேடையிலிருந்து இறங்கிவந்து, இரண்டு பேருக்கும் பக்கத்தில் நின்று மைக்கைத் தட்டினாள்.

"போட்டியில ஜெயிச்சது மேலியா. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. மலை மேய்ச்சலுக்கு லூனா..." மேலியாவை ஒருமுறை பார்த்தாள். "இப்போ இருக்கற நிலைமையில, லொபாகா."

லொபாகா இரண்டு கையையும் தூக்கினான். பக்கிள் மின்னியது. தங்கையைத் தோளோடு அணைக்க வந்தான்.

"கவலப்படாத. கீழ உனக்கு ஒரு வேலை போட்டுத் தரேன். உக்காந்து பண்ற வேலையா."

"என்னைத் தொட்டா, உன்னையும் அந்தக் கம்பத்துலயே கட்டிடுவேன்."

அப்போது மேடைப் பக்கத்து வேலிக்கதவு கிறீச்சிட்டது. நோஹியா உள்ளே வந்தாள். நல்ல செருப்பு. அது சேற்றில் புதைய, அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். மேலியாவின் முன்னால் வந்து நின்றாள்.

"குனி" என்றாள்.

மேலியா குனிந்தாள். மாலையை அவள் கழுத்திலிருந்து எடுத்து, நோஹியா தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நசுங்கிய பூக்களை நிமிர்த்தி, கடிபட்டுக் கந்தலான இரண்டு நுனிகளையும் இரண்டு பக்கமும் ஒழுங்காகத் தொங்கவிட்டாள்.

"இது என்னோடது, மிஸஸ் ஆல்டன். மூணரை மாசம்."

மிஸஸ் ஆல்டன் கையில் மைக் அணைக்கப்படாமல்தான் இருந்தது. அவள் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது.

லொபாகாவின் வாய் திறந்தது. மெல்ல, சூரிய உதயம்போல, அவன் முகத்தில் விஷயம் பரவியது.

"என் மகன்!" என்று மைக்குக்குப் பாய்ந்தான்.

மிஸஸ் ஆல்டன் மைக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவள் அவனைப் பார்க்கவில்லை, மேலியாவைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏன் நீ சொல்லல? ஒரு வார்த்தை. வேலையே போச்சே?"

"நீங்க கேட்டது என்கிட்ட. ஆனா சொல்ல வேண்டியது நான் இல்லையே" என்றாள் மேலியா.

மிஸஸ் ஆல்டன் அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அறிவிச்ச பேரை அரை நிமிஷத்துல மாத்தினா நாளைக்கு என் வார்த்தைக்கு எவனும் நிக்க மாட்டான்."

"அதானே!" என்றான் லொபாகா.

"ஆனா லூனா வேலை நாளைக் காலையில ஆறு மணிக்கு ஆரம்பம். மேல் கேட்டுல சாவியோட நான் நிப்பேன். ஆறு அடிக்கும்போது யார் குதிரையோட அங்க நிக்கறாங்களோ, சாவி அவங்களுக்கு. வேற பேச்சு கிடையாது."

மேல் கேட் மைதானத்திலிருந்து பத்து மைல், முழுக்க ஏற்றம். நாலு மணிக்குக் கிளம்பினால்தான் ஆறுக்குப் போய்ச் சேரலாம். மேலியா தினமும் கிளம்புகிற நேரம் அது.

லொபாகா சிரித்தான். "ஆறா? அஞ்சே முக்காலுக்கே நிக்கறேன். நோஹியா, நாளைக்கு மூணு மணிக்கு எழுப்பிடு. நல்லா ஸ்ட்ராங்கா காபி போட்டு எடுத்துட்டு வா. முதல் தடவை எழுந்திருக்கலன்னா விட்டுடாத, தண்ணியைக் கொட்டு."

நோஹியா சேற்றில் கிடந்த செருப்பை எடுத்தாள். ஒன்றோடொன்று தட்டிச் சேற்றை உதறினாள்.

"காபி வாசம் எனக்கு ஆகல. ரெண்டு மாசமா ஆகல. நீங்க கவனிக்கல."

"சரி, காபி வேண்டாம். எழுப்பினாப் போதும்."

நோஹியா பிலிகியாவின் கடிவாளத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். அனுமதி கேட்கவில்லை. இன்றிரவு அவள் தங்கப்போவது மேலியாவின் வீட்டில், அங்கே ஒரே ஒரு கட்டில்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். மேலியா அவளுடைய ஃபிளாஸ்க்கை வேலியிலிருந்து எடுத்து, மிச்சக் காபியைச் சேற்றில் கவிழ்த்தாள்.

"வா அண்ணி, போகலாம்" என்றாள்.

நோஹியா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக, அவனை அவசரமில்லாமல் மேலிருந்து கீழே பார்த்தாள். பக்கிளில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"நீங்களே எழுந்துக்கோங்க" என்றாள்.